ஆச்சரியப்பட மூன்று பேர்

உலக விஞ்ஞான வரலாறு இனிமேல் இரண்டாகப் பிரியும்: 1979-க்கு முன், 1979-க்குப் பின். அந்த வருடம் பங்குனியில்தான், போடிநாயக்கனூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில், மாணவர்கள் தாங்களே செய்து தாங்களே கண்டறியும் புதுமுறைக் கல்வி அவதரித்தது. அவதரிக்கச் செய்தவர் கோட்டைச்சாமி வாத்தியார்.

மதுரைக்குப் போய் இந்த முறையில் பயிற்சி பெற்று வந்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாவட்டத்தின் சிறந்த விஞ்ஞான ஆசிரியருக்குக் கேடயம் தரப்போகிறார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்க மாவட்டக் கல்வி ஆபீசரே நேரில் வருகிறார். கேடயத்தை மாட்ட வீட்டுச் சுவரில் ஆணிகூட அடித்தாயிற்று.

மாணவர்கள் தாங்களே கண்டறிய வேண்டியதையெல்லாம் ஒரு வாரம் முன்பே டிக்டேஷன் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தார். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். மெழுகுவர்த்தி அணைந்து, தண்ணீர் டம்ளருக்குள் ஏறியதும் கேள்வி கேட்கப் பால்சாமி. தப்பான பதில் சொல்ல ஒருவன். ஆச்சரியப்பட மூன்று பேர்.

ஒத்திகையில் செல்லக்கிளி என்ற பெண் எழுந்து, "சார், தண்ணி எதுக்கு உள்ள ஏறுது?" என்றாள்.

"உக்காரு. அது பால்சாமி கேள்வி."

பெரிய மனிதர் வந்தால் ஏலக்காய் மாலை போடுவது போடி மரியாதை. வியாபாரி வெள்ளைத்துரையிடம் கோட்டைச்சாமியே போய் நின்றார். "அண்ணே, கடையிலயே ரொம்பப் பச்சையான காயாப் பாத்துக் கோத்துக் குடுங்க."

"கவலைய விடுங்க வாத்தியாரே. பச்சையில கிளியே தோத்துப் போகும்."

தகரக் கூரையின் கீழ் ஆபீசர் வெள்ளைச் சட்டையும் ஏலக்காய் மாலையுமாக வியர்த்து வழிந்தார். பால்சாமி கேட்டான். மூன்று பேரும் ஆச்சரியப்பட்டார்கள். அதில் ஒருவன் மெழுகுவர்த்தி அணைவதற்கு முன்பே.

செல்லக்கிளி கை தூக்கினாள். கோட்டைச்சாமி கண்ணை உருட்டினார்.

"கேக்கட்டும்யா," என்றார் ஆபீசர். "இதுக்குத்தானே இந்த முறையே!"

"ஐயா, மாலையில இருக்கிற காயி நெசமாவே பச்சையா, இல்ல சாயமா?"

ஆபீசருக்கு ஒரே குஷி. "நீயே கண்டுபிடி ஆத்தா," என்று ஒரு காயைப் பிய்த்துக் கொடுத்தார்.

அவள் அதைத் தட்டுத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் பச்சையானது. வகுப்பே "ஆகா!" என்றது, டிக்டேஷன் இல்லாமல்.

"வேர்வை பட்டாலும் எறங்குதுங்கய்யா," என்று அவர் சட்டையைக் காட்டினாள்.

ஆபீசர் குனிந்தார். கழுத்திலிருந்து தொப்பைவரை பச்சை.

"யோவ்! மத்தியானம் கலெக்டர் மீட்டிங்யா எனக்கு!"

"ஐயா, இந்த முறையில எதிர்பாராத முடிவுகளும்..." என்று கோட்டைச்சாமி இழுத்தார்.

வாசலில் நின்ற டிரில் மாஸ்டர் வீரணன் தன் சட்டையைக் கழற்றி நீட்டினார். "வெரசா மாட்டுங்கய்யா. காலையில தேச்சுப் போட்டதுதான்."

அந்த வருடத்தின் சிறந்த விஞ்ஞான ஆசிரியர் கேடயம் டிரில் மாஸ்டர் வீரணனுக்குக் கிடைத்தது.