சிலுப்பாத கிடா

எங்கள் ஊருக்கு ரயில் வந்த முதல் நாள், அதில் ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பொறுப்பை ஒரு வெள்ளாட்டுக் கிடாவிடம் ஒப்படைத்தோம். சிரிக்காதீர்கள். மாரியம்மன் உத்தரவில்லாமல் புதுக் கிணற்றில் தண்ணீர்கூட இறைக்காதவர்கள் நாங்கள். கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். அது உடம்பைச் சிலுப்பினால் அம்மன் சம்மதித்தாள். கிடாவுக்கு அன்றோடு ஆயுசு முடிந்தது. சிலுப்பாவிட்டால் காரியமும் இல்லை, கறியும் இல்லை.

அது 1931. ஆத்தூரிலிருந்து சேலம் போகும் வண்டி எங்கள் ஸ்டேஷனில் மூன்று நிமிஷம் நிற்கும். ஸ்டேஷன் மாஸ்டர் வெங்கடாசலம் தண்ணீர்ப் பானையையும், மூட்டை நிறுக்கும் தராசையும், மணிக்குப் பதிலாகத் தொங்கிய தண்டவாளத் துண்டையும் துடைத்துவைத்துக் காத்திருந்தார். டிக்கெட் எல்லாரும் வாங்கிவிட்டோம். வண்டியும் வந்துவிட்டது. ஏறத்தான் ஆளில்லை.

எங்களில் அவசரம் ஆராயிக்கு மட்டும்தான். சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் அவள் மகளுக்கு எட்டு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்திருந்தது. அன்று சாயங்காலம் தொட்டில் போடுகிறார்கள். மாட்டு வண்டியில் கிளம்பினால் மறுநாள்தான் போய்ச் சேரலாம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று ஒரு கட்டு அகத்திக்கீரையோடு வந்து நின்றாள்.

ஊர்ப் பெரியவர் மாதையன் சொம்பைச் சாய்த்தார். கிடா கண்ணை மூடிக்கொண்டது. காதுக்குள் ஊற்றினார். அசையவில்லை. என்ஜின் புஸ்ஸென்று ஆவி விட்டதும் நாங்கள்தான் பத்தடி ஓடினோம். கிடா நின்ற இடத்திலேயே நின்றது.

"இன்னொரு சொம்பு ஊத்துங்க மாமா" என்றாள் ஆராயி.

"மூணு ஊத்தியாச்சு. ஆத்தா வேண்டாங்கறா. எல்லாரும் ஊட்டுக்கு நடங்க."

வெங்கடாசலம் பொறுமையிழந்தார். "பெரியவரே, மெட்ராசிலிருந்தே உத்தரவு வந்தாச்சு!"

"அது வண்டிக்குங்க சாமி. எங்களுக்கு வரலையே."

ஆராயிக்குக் கண் கலங்கிவிட்டது. "எட்டு வருசமா வேண்டாத தெய்வமில்லை. பேரன் மூஞ்சிய இன்னைக்குப் பாக்க வேண்டாமா?" என்றாள்.

கார்டு விசில் ஊதினார். ஆராயி வண்டியைப் பார்த்தாள், கிடாவைப் பார்த்தாள், இடுப்பிலிருந்த கீரைக் கட்டைப் பார்த்தாள். கட்டைக் கிடாவின் மூக்குக்கு நேரே ஒருதரம் ஆட்டிக் காட்டிவிட்டு, விறுவிறுவென்று பெட்டியில் ஏறினாள். கிடா கண்ணைத் திறந்தது. மாதையன் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஒரே தாவில் அவள் பின்னால் பெட்டிக்குள் பாய்ந்தது.

"ஆத்தாளே ஏறிட்டா! ஏறுங்கடா!" என்று கத்தியவர் சாட்சாத் மாதையன்தான். முண்டியடித்துக்கொண்டு ஏறினோம்.

"ஆட்டுக்கு டிக்கெட்?" என்று அலறியபடியே வெங்கடாசலம் பச்சைக் கொடியை ஆட்டினார்.

எனக்கு ஆராயிக்கு எதிர்ப்பலகையில் இடம் கிடைத்தது. மாதையன் என் பக்கத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கிடா சிலுப்பல. அதனால வெட்டக்கூடாது" என்று முனகிக்கொண்டே வந்தார். வண்டி வேகம் பிடித்தது. ஜன்னல் காற்று ஈர உடம்பில் பட்டதும், கீரை மென்றுகொண்டிருந்த கிடா தலையிலிருந்து வால்வரை சடசடவென்று சிலுப்பியது.

ஆராயி சட்டென்று முந்தானையை அதன்மேல் போட்டுக் கட்டிக்கொண்டாள். "சும்மா இரு சாமி. நீயும் பொழைச்சுக்கோ" என்று அதன் காதில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து மாதையன் கண்ணைத் திறந்தார்.

"ஏம்ப்பா, சட்டையெல்லாம் மஞ்சளா இருக்குது?"

"காலையில குழம்பு சிந்திருச்சுங்க" என்றேன்.