நாலு, ஒன்பது, பதினைந்து

"எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

"குண்டு டியூப் நாலு. சீனா ஒம்போது. இங்கிலாந்து பதினஞ்சு."

"மதி கையைப் பாத்துக்கிட்டே இருங்க. சுவிட்ச் தட்டுற சத்தம் உங்களுக்குக் கேக்காது."

"தெரியும்டி. சும்மா நொய் நொய்னு."

மலேசியாவின் மூவாரில் நண்பர் மதிவாணன் வீட்டு வாசலில் கார் நின்று ஐந்து நிமிடம் ஆகியும் தங்கராஜு இறங்கவில்லை. உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள் மனைவி பிரேமலா.

"எனக்கா? நான் ஏன் பயப்படணும்?"

பயப்படக் காரணம் இருந்தது. மார்ச் மாதம் காது டாக்டர் ஒரு கோட்டுப் படத்தை மேசைமேல் வைத்து, இரண்டு காதிலும் கீச்சென்ற மேல் சத்தம் போய்விட்டது, இனி மெஷின் வைத்தால்தான் உண்டு என்று சொல்லியிருந்தார். மெஷின் வாங்கினார்கள். அது அலமாரியில் சட்டைகளுக்குக் கீழே கிடக்கிறது. குளுவாங், லாயாங் லாயாங், மூவார் என்று பழைய டியூப் ஆம்ப்ளிபையர் வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்கள் எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். டியூப் போய்விட்டால் தங்கராஜு கேட்டுப் பார்த்துச் சொல்லாமல் யாரும் புதிது வாங்குவதில்லை. மின்சார வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இந்தப் பதினான்கு வருடத்தில் அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் அதுதான். காது போனது வெளியே தெரிந்தால் அதுவும் போய்விடும்.

தெரிந்தவள் பிரேமலா ஒருத்திதான். எண்ணும் வழியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ரெக்டிபையர் டியூப்தான் ஆம்ப்ளிபையருக்குள் மின்சாரத்தை ஏற்றதாக மாற்றிக் கொடுப்பது. அது சூடாகும்வரை பாட்டு வராது. கடைகளில் கிடைக்கிற மூன்று வகை டியூப்பும் சூடாக வெவ்வேறு வினாடி எடுத்துக்கொள்ளும். வீட்டில் அவர் சொன்னபடி டியூப் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அதைக் கவனித்து, "ஏங்க, காது எதுக்கு? எண்ணுனாலே போதுமே" என்றாள். ஐந்து மாதமாக அப்படித்தான் ஓடுகிறது.

"வாங்கண்ணே, வாங்க! அண்ணி, யோகா அடுப்படில இருக்கா, போங்க" என்று மதிவாணன் கதவைத் திறந்தார். மேசை நாற்காலி செய்யும் பட்டறை வைத்திருக்கிறவர். சட்டையில் மரத்தூள் வாசம். "போன வாரம் பளிச்சுனு ஒரு நீல வெளிச்சம்ணே, அதோட முடிஞ்சிருச்சு. டியூப்தான் போச்சு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

உள்ளே ரூபேந்திரன் உட்கார்ந்திருந்தான். லாயாங் லாயாங்காரன், வேலை சிங்கப்பூரில். அங்கிருந்து மூன்று டியூப் வாங்கி வந்திருந்தான்.

"கடைக்காரன் நல்லவன் அங்கிள். ஒண்ணை எடுத்துக்கிட்டு மத்த ரெண்டையும் திருப்பிக் குடுன்னு சொல்லிட்டான். பழைய இங்கிலாந்து ஒண்ணு, புது சீனா ஒண்ணு, இந்த குண்டு அமெரிக்கா. மூணையுமே இந்த ஆம்ப் தாங்கும். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"மூடி வைங்கடா. பாக்காமலே சொல்றேன்" என்றார் தங்கராஜு.

ஆம்ப்ளிபையருக்கு முன்னால் ஒரு கைலியைத் திரைபோலக் கட்டினார்கள். பரதநாட்டிய ரெக்கார்டு ஒன்று சுற்ற ஆரம்பித்தது. மதிவாணன் கை சுவர் சுவிட்சுக்குப் போனது. தங்கராஜுவின் விரல்கள் தொடைமேல் மெல்ல அசைந்தன. நான்காவது விரலில் மிருதங்கம் வந்துவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டார். அவசரப்படவில்லை.

"அடி கொஞ்சம் தளர்வா இருக்கு. வயித்துல வந்து உக்காருது. குண்டு."

"அலமாக்!" என்று வியந்தான் ரூபேந்திரன்.

அணைத்து, ஆறவிட்டு, மாற்றி, மறுபடி போட்டார்கள். இந்த முறை பதினைந்து.

"இதுதாண்டா டியூப். வயலின்காரன் மூச்சு விடறது கேக்குதா? இங்கிலாந்து."

"அங்கிள், நீங்க மனுஷனே இல்ல லா."

"மதி, உனக்குக் கேட்டுச்சா?"

"ஏதோ கொஞ்சம் வித்தியாசம் தெரிஞ்ச மாதிரி..."

"தெரிஞ்ச மாதிரியா? பேசாம இந்த ஆம்பை வித்துட்டு ஒரு ரைஸ் குக்கர் வாங்கு. உன் காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ரூபேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான். மதிவாணனும் சிரித்தார். அவர் காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

அப்போதுதான் பிரேமலா காப்பித் தட்டோடு வந்தாள். கரண்டி ஒன்று கோப்பையில் பட்டது. தங்கராஜுவுக்கு அது கேட்கவில்லை. மற்ற இருவரும் திரும்பியதைப் பார்த்துத்தான் திரும்பினார்.

"உஷ்! எத்தனை வருஷமா சொல்றேன்! பாட்டு ஓடறப்ப சத்தம் போடாதேன்னு!"

"தெரியாம பட்டுடுச்சுங்க."

"தெரியாம. இவளுக்கு என்னதான் தெரியும்? மதி, உன் காதும் இவ காதும் ஒரே கடையில வாங்குனது. இவ பாடுவா தெரியுமா? கல்யாணமான புதுசுல தினம் பாட்டுதான். பக்கத்து வீட்டு நாய் ஓடிப் போயிருச்சு. நான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னேன்."

"நெசமாவா அங்கிள்?"

"கேளு அவளையே. அன்னிக்கு மூடுன வாய்."

பிரேமலாவும் சிரித்தாள். கோப்பைகளை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

"எப்படிக்கா சிரிக்கிறீங்க? நானா இருந்தா காப்பியைத் தலையில ஊத்தியிருப்பேன்" என்றாள் மதிவாணன் மனைவி யோகேஸ்வரி.

"சூடு வீணாப் போயிடுமே."

தண்ணீர் குடிக்க மதிவாணன் உள்ளே வந்தார். குடித்துவிட்டுத் திரும்பப் போனவரை, "மதி, நில்லு" என்றாள் பிரேமலா.

"சொல்லுங்க அண்ணி."

"அடுத்த டியூப் போடறப்போ அவரை வெளிய நிக்க வை. பாட்டு வந்த பிறகு உள்ள கூப்பிடு."

"எதுக்கு?"

"சுவிட்ச் போட்டதிலேர்ந்து எண்ணுறாரு. நாலுன்னா குண்டு. பதினஞ்சுன்னா இங்கிலாந்து."

மதிவாணன் டம்ளரை வைக்க மறந்து நின்றார்.

"அப்போ காது?"

"மார்ச்சுல போச்சு. மேல் சத்தம் எதுவும் கேக்காது. சலங்கை, ஜால்ரா, நான்."

யோகேஸ்வரி அடுப்பை அணைத்தாள். மதிவாணன் இழுப்பறையைத் திறந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு போனார்.

"அண்ணே, மூணாவது எதுன்னு இப்ப சுலபமாச் சொல்லிடுவீங்க. அதனால மூணையும் கலைச்சுட்டோம். மறுபடி மூணு தடவை போடறோம். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க, பாட்டு வந்ததும் கூப்பிடறேன்."

"வெளிய எதுக்கு? கைலிதான் இருக்கே."

"சும்மா ஒரு வேடிக்கைக்குண்ணே. உங்க காதுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

தங்கராஜு பிரேமலாவைப் பார்த்தார். அவள் காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அழைத்தபோது உள்ளே வந்து உட்கார்ந்தார். மிருதங்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. விரல்களுக்கு எண்ண எதுவும் இல்லை. தொடைமேல் விரிந்து கிடந்தன.

"இங்கிலாந்து" என்றார்.

வெளியே போனார், வந்தார். "இது குண்டு. அந்தத் தளர்ச்சி இருக்கு பாரு."

மூன்றாம் முறை நெற்றியில் வேர்வை. "சீனா. மெல்லிசா, கண்ணாடி மாதிரி."

"சலங்கை எப்படிண்ணே இருக்கு?"

"சலங்கையா? இப்பத்தான்டா நல்லா இருக்கு. ஒவ்வொரு மணியும் தனித்தனியா விழுது."

ரூபேந்திரன் தரையைப் பார்த்தான். மதிவாணன் கைலியை அவிழ்த்துப் போட்டார். குண்டு டியூப் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"மூணு தடவையும் இதுதாண்ணே. கழட்டவே இல்ல."

"டேய்..."

"இருங்க, இன்னும் இருக்கு." மதிவாணன் ஸ்பீக்கரைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார். மேல் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர்கள் கழற்றித் தொங்கவிடப்பட்டிருந்தன. "எங்க யாருக்கும் சலங்கை கேக்கல. உங்களுக்கு மட்டும் தனித்தனியா விழுந்துச்சு."

"விளையாடறியாடா என்கிட்ட? நான் உன்னைவிட..."

மதிவாணன் பாட்டை நிறுத்தினார். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். கையை எடுத்தார்.

"என்ன சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்."

தங்கராஜு சிரிக்கப் பார்த்தார்.

"போதும் மதியண்ணே. விடுங்க லா" என்றான் ரூபேந்திரன்.

"போதுமா? போன வருஷம் என் மக கல்யாணத்துல, சம்பந்தி வீட்டார் முன்னால, 'இவன் செவிடன், இவன் பொண்ணு ஊமையா இல்லாதது அதிசயம்'னு சொன்னாரே, அன்னிக்கு நீயும்தானே சிரிச்ச? இப்பவும் சிரி."

தங்கராஜு மனைவி பக்கம் திரும்பினார். இந்த ஐந்து மாதமும் கூட்டத்தில் அவருக்குக் கேட்காததை அவள் உதட்டை அசைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவர் கண்கள் அவள் உதட்டைத் தேடின. பிரேமலா ஒரு கோப்பையை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். அதில் காப்பி இல்லை.

"தெரியல" என்றார் தங்கராஜு கடைசியில்.

"'அண்ணே, சாப்பிட்டுப் போங்க'ன்னுதான் சொன்னேன்."

பிறகு மதிவாணன் ஒயர்களை மாட்டினார். குண்டு டியூப்பைக் கழற்றி மற்ற இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். வாதம் நடந்தது. யோகேஸ்வரிகூட ஈரக் கையோடு வந்து நின்று ஏதோ சொன்னாள். பிரேமலாவைக் கேட்டார்கள், அவள் ஒன்றைச் சுட்டிக் காட்டிக் கொஞ்ச நேரம் பேசினாள், எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதால் தங்கராஜுவுக்கு எதுவும் பிடிபடவில்லை. அவரை யாரும் கேட்கவுமில்லை. தங்கராஜுவும் பிரேமலாவும் சாப்பாட்டுக்கு இருக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாம் ஊருக்குள் கார் வந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது அவர் ஆரம்பித்தார்.

"நீதானே சொன்னே?"

"ஆமா."

"நீயே சொல்லிக்குடுத்து, நீயே காட்டிக்குடுத்துட்ட."

"ஆமாங்க."

"ஒரு கரண்டி சத்தத்துக்காகவா?"

"கரண்டியா? நீங்கதான் அதைக் கேக்கவே இல்லையே."

அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரம் ரூபேந்திரன் வீட்டுலதானே?"

"ஆமா. என்னைய வரச் சொன்னான்."

"என்னைய?"

"பஸ் இருக்கான்னு பாக்கணும். இல்லன்னா நீங்க கொண்டாந்து விடுங்க."

விளக்கு இன்னும் மாறவில்லை. தங்கராஜு முன் கண்ணாடியைப் பார்த்தபடியே, இது ஒன்றாவது தனக்குச் சேரவேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"கடைசில எந்த டியூப் எடுத்தாங்க?"

பிரேமலா இருக்கையில் முழுதாக அவர் பக்கம் திரும்பினாள். அவர் தன் வாயைப் பார்க்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள்.

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"