நாப்பி யாருடைய நாய்

2019 மார்ச் 9, சனிக்கிழமை. ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே செல்லும் காலை ரயிலின் நான்காம் பெட்டியில், சைனாயோகி நிலையம் தாண்டியதும், ஒரு நாய் வாந்தி எடுத்தது. அந்தப் பெட்டியில் நாய்களுக்கு அனுமதியில்லை.

நாயின் பெயர் நாப்பி. கறுப்பு ரோமம் அடர்ந்த பெண் நாய். அதன் சொந்தக்காரி இங்கா அப்போது உணவுப் பெட்டியில் காபிக்கு வரிசையில் நின்றிருந்தாள். நாயின் அருகே இருந்தவர் அவளுடைய அப்பா தைஸ்தோ லியுக்கொனென், ஓய்வுபெற்ற நில அளவையாளர்.

இங்காவின் அம்மாவை அவர் பிரிந்தபோது இங்கா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அப்பாவும் மகளும் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் கிறிஸ்துமஸில், ஒரு காபி குடிக்கும் நேரம். இந்த ஜனவரியில் அவளே போன் செய்தாள்.

"மார்ச்ல லீவு போட்டிருக்கேன்பா. நாப்பிய கூட்டிக்கிட்டு ரயில்லயே வடக்க ஒரு சுத்து சுத்தப் போறேன். கெமி, அங்கருந்து பஸ்ஸுல ஸ்வீடன், அப்புறம் நார்விக். திரும்பி வர்றப்போ ஸ்டாக்ஹோம்ல கப்பல். வர்றீங்களா?"

"டிக்கெட்ட நான் எடுக்கறேன்" என்றார் தைஸ்தோ. இந்தப் பயணம் சரியாக அமைந்தால் தங்களுக்குள் இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். இருவருக்கும் அது தெரிந்திருந்தது. இருவரும் அதைப் பேசவில்லை.

நாய்களுக்கான பெட்டியில் ஒரே ஓர் இருக்கைதான் காலியாக இருந்தது. மகளைப் பிரிந்து உட்கார அவருக்கு மனமில்லை. வேறொரு பெட்டியில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளை எடுத்தார். சின்ன நாய், காலடியில் படுத்துக்கொள்ளும், யார் கேட்கப் போகிறார்கள்?

"இது நாய் ஏத்தற பெட்டிதானா?" என்று ஏறும்போதே இங்கா கேட்டாள்.

"எல்லாம் பாத்துத்தான் எடுத்தேன்."

யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். எதிர் வரிசையிலிருந்த பெண்மணி தும்மினார், மூக்கைத் துடைத்தார், கண் சிவந்து நாயைப் பார்த்தார், தம்பெரேயில் எழுந்து நாலு வரிசை தள்ளிப்போய் உட்கார்ந்தார். தைஸ்தோ மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு தொடங்கிவிடும்.

நாப்பியின் வயிற்றிலிருந்து வெளியே வந்தது, காலையில் நிலையத்தில் தைஸ்தோ ஊட்டிய அரிசி அப்பம். வேண்டாம் என்று இங்கா சொல்லியிருந்தாள். நடைபாதையில் அது பரவியது. நாற்றம் எழுந்தது. பெட்டியிலிருந்த தலைகள் எல்லாம் கைபேசிகளுக்குள் கவிழ்ந்தன. தும்மிய பெண்மணி மட்டும் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது டிக்கெட் பரிசோதகரும் கூட வந்தார்.

"இந்த நாய் யாரோடது?"

பரிசோதகர் பெட்டி முழுவதையும் பார்த்துக் கேட்டார். நாப்பி தன் தாடையைத் தைஸ்தோவின் பூட்ஸ் மேல் வைத்துப் படுத்திருந்தது. அவருடைய காதுகள் சூடாயின.

"சார், உங்க நாயா?"

"இல்ல."

"பின்ன யாரோடது?"

"ஒரு பொண்ணு கூட்டிட்டு வந்தா. யாருன்னு எனக்குத் தெரியாது."

பின்வரிசையில், பனிச்சறுக்குப் பலகையோடு வந்திருந்தவன் சிரித்தான். "நாய்க்கு நல்லாத் தெரியும் போல! பூட்ஸ விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குதே."

"அப்பம் குடுத்தேன். அதான்" என்றார் தைஸ்தோ.

நிமிர்ந்தபோது கதவருகே இங்கா நின்றிருந்தாள். இரண்டு கைகளிலும் காபி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்க நாயாம்மா?" என்றார் பரிசோதகர்.

"ஆமா."

"அலர்ஜி உள்ளவங்க உட்கார்ற பெட்டிம்மா இது. அவ்ளோ பெருசா போர்டு மாட்டியிருக்கு. டிக்கெட் யார் எடுத்தது?"

இங்கா அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. "நான்தான் எடுத்தேன். கவனிக்கல. மன்னிச்சிருங்க."

"நாய்ப் பெட்டில ஒரு சீட்டு இன்னும் காலியா இருக்கு. தனியாத்தானே போறீங்க?"

"தனியாத்தான்."

காபியில் ஒன்றைத் தைஸ்தோவின் முன்னால் வைத்தாள். "இந்தாங்க சார். ஒண்ணு கூடுதலா வாங்கிட்டேன்."

பிறகு மண்டியிட்டுத் தரையைத் துடைத்தாள். தைஸ்தோ தன் கால்களைத் தூக்கிக்கொடுத்தார். தும்மிய பெண்மணியிடம் போய் இங்கா மன்னிப்புக் கேட்டாள்.

"பரவால்ல விடு. பாவம், அது என்ன பண்ணும்?" என்றார் அவர், நாயைப் பார்த்து அல்ல, தைஸ்தோவைப் பார்த்து.

நாப்பி தைஸ்தோவிடம் போக இழுத்தது. இங்கா வாரைக் கையில் சுற்றிக்கொண்டு அதை நடத்திப் போனாள்.

கொக்கோலா நிலையம் வந்தது, போனது. காபி ஆறி ஆடை கட்டியது. பின்வரிசைக்காரன் இரண்டு தடவை அவரைக் கடந்து போனான். இரண்டு தடவையும் குனிந்து பூட்ஸைப் பார்த்தான். ஔலு நிலையத்துக்கு முன்னால் தைஸ்தோ எழுந்து நாய்ப் பெட்டிக்கு நடந்தார்.

அங்கே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ரயிலில் அறிமுகமில்லாதவர்கள் பேசிக்கொள்ளும் பெட்டி அது ஒன்றுதான். மடியில் குட்டைக்கால் நாயை வைத்திருந்த ஒருவர், நாப்பி என்ன சாப்பிடும் என்று இங்காவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். தைஸ்தோவைக் கண்டதும் நாப்பி எழுந்தது. வால் இருக்கையில் படபடவென்று அடித்தது.

"அட, என்னா குஷி! உங்க ஆளா?" என்றார் குட்டைக்கால் நாய்க்காரர்.

"இல்ல. அந்தப் பெட்டில பக்கத்து சீட்டுல இருந்தவர்" என்றாள் இங்கா.

இப்போது அவள் அவரை நேராகப் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை. பேச்சு நின்று எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பியிருந்தன. நான் இவ அப்பா என்று சொன்னால் போதும். நாப்பி முனகியது.

"டாய்லெட்டத் தேடி வந்தேன்" என்றார் தைஸ்தோ.

"தாண்டி வந்துட்டீங்களே. பின்னாடி இருக்கு" என்றார் நாய்க்காரர்.

"நன்றி" என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

கெமியில் பனி பெய்துகொண்டிருந்தது. இங்காவும் நாப்பியும் ஸ்வீடன் எல்லைக்குப் போகும் பேருந்தில் ஏறினார்கள். தைஸ்தோ தெற்கே செல்லும் அடுத்த ரயிலில் ஹெல்சிங்கிக்குத் திரும்பினார்.