சமூகப் பங்களிப்பு

“ஆயாக்களுக்குச் சம்பளம் வேணும் மேடம்,” என்றேன்.

காப்பகச் செயலாளர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். ஒரு வாரமாக அவர் எனக்குப் பாடம் எடுத்திருந்தார். அறக்கட்டளையிலிருந்து ஆள் வரும்போது வேறு எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சுவருக்கு வண்ணம், தொடுதிரை, ஆயாக்களுக்குப் பயிற்சி முகாம், முகாமுக்கு வருகிறவர்களுக்குப் பை, பையின் மேல் அறக்கட்டளையின் முத்திரை. “சம்பளம்கிற வார்த்தை மட்டும் உன் வாயில வரக்கூடாதும்மா. வந்துச்சுன்னா மூட்டை கட்டிட்டுப் போயிடுவாங்க.”

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் மூன்று ஆயாக்கள். அதில் ஒருத்தி என் அம்மா. தையல் ஆலைக்குப் போகிற பெண்கள் விடியும்போதே பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். கால் கழுவி, மூக்குத் துடைத்து, அழுகிறதைத் தோளில் போட்டு நடந்து, தூங்கவைப்பது அம்மா. கைக்கு வருவது பஸ் காசு. இருட்டிய பிறகு ஓர் அலுவலகத்தில் தரை துடைக்கப் போவாள். அந்தத் தரையில்தான் என் கல்லூரிக் கட்டணம் விளைந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கி என்ன கிழித்தேன் என்றால், அம்மா வேலை செய்யும் இடத்துக்கே நிதி விண்ணப்பம் எழுத வந்தேன். வந்த பிறகுதான் விண்ணப்பத்தில் அம்மா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தது. அறக்கட்டளை பணம் கொடுக்க வேண்டுமானால் ஊரும் ஒரு பங்கு போட்டாக வேண்டும். ஊரிடம் பணம் ஏது? அதனால் அம்மா தேய்வதையெல்லாம் மணிக்கணக்காக்கி, அதற்கு ஒரு விலையும் போட்டு, ‘சமூகப் பங்களிப்பு’ என்று காட்டிவிடுவார்கள். காட்டுவதற்கு விலை உண்டு. கையில் கொடுக்கத்தான் கிடையாது.

மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்தார்.

“புதுசா ஏதாவது நடக்கத்தான் நாங்க குடுப்போம்மா. சம்பளம்லாம் தினசரிச் செலவு. அதுவுமில்லாம, இவங்களோட சேவை மனசுதான் எங்கள இங்க இழுத்துச்சு. அன்புக்கு விலை போடலாமா?”

“உங்களுக்கு மாசாமாசம் வருதுல்ல மேடம்? அதனால அன்பு கொறஞ்சுடுச்சா?”

“ஏய்!” செயலாளரின் நாற்காலி கிறீச்சிட்டது. “சின்னப் பொண்ணு மேடம். படிச்ச சூடு இன்னும் ஆறல.”

“பரவால்ல, அதோ அந்த ஆயாம்மாவையே கேட்டுடலாமே,” என்றார் மேடம். கூட வந்திருந்த கேமராக்காரன் உடனே எழுந்தான்.

அம்மா வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. கையில் முழங்கை வரை ஈரம்.

“உங்களுக்குப் பணம் முக்கியமா, இந்தப் பிள்ளைங்களோட சிரிப்பு முக்கியமாம்மா?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. செயலாளரைப் பார்த்தாள்.

“சிரிப்பு போதுங்க.”

போதுமாம். முந்தின நாள் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டபோது, “இந்த மேடம் வந்தாவாச்சும் ஒரு வழி பொறக்குமா பாப்பா?” என்று கேட்டவள் இவள்தான்.

“பாத்தீங்களா மேடம், இதான் எங்க குடும்பம்!” என்று செயலாளர் குளிர்ந்துபோனார். என் பக்கம் திரும்பினார். “போ, அந்த விண்ணப்பத்த எடுத்துட்டு வா. மேடம் ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடலாம்.”

“காலையிலயே அனுப்பிட்டேன் சார். பங்களிப்புலேர்ந்து மூணு ஆயாவையும் எடுத்துட்டேன். முதல் செலவே அவங்க சம்பளம்தான்.”

மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றது, இறக்கி வைக்க இடம் தெரியாமல்.

“அடிப்பாவி! காப்பகத்தையே இழுத்து மூட வச்சிட்டியே!”

“மூணு பேரு சம்பளம் கேட்டா மூடிக்கிற காப்பகம், இத்தன நாளும் யாரு முதுகு மேல சார் நின்னுச்சு?”

அலுவலக அறைச் சாவியை மேசைமேல் வைத்தேன். பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். “பாப்பா…” என்றாள் அம்மா. நின்றால் அழுதுவிடுவேன். நிற்கவில்லை.

முற்றத்தைத் தாண்டும்போது பின்னால் கேமராக்காரன் குரல் கேட்டது. “அம்மா, சிரிப்பு போதும்னீங்கல்ல, அத இன்னொரு தடவ. கொஞ்சம் சிரிச்சிக்கிட்டே சொல்லுங்க.”

அம்மாவின் காலடி குழாயடிப் பக்கம் போனது. குழந்தை சிணுங்கியது. பிறகு அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட, காலி வாளியில் தண்ணீர் மோதி விழுகிற சத்தம் தெரு வரைக்கும் வந்தது.