இறங்குமுகம்

மூக்கு ஒழுகுகிற மனுஷனுக்கு ஊரில் எல்லா வாசலும் திறந்திருக்கும். பிள்ளை படுத்திருக்கிற வார்டு வாசல் மட்டும் திறக்காது. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த மன்சூர் அலிக்கு அந்த அற்பச் சளி பிடித்ததும், மகள் பரீஹாவுக்குக் காய்ச்சல் வந்ததும் ஒரே நேரத்தில்தான். பரீஹாவுக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றி ஏற்றி, கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் உடம்பில் அடியோடு குறைந்திருந்தன. இந்த நிலையில் அப்பன் தும்மினால்கூடப் பிள்ளைக்கு ஆபத்து என்று, "ஆப் நீச்சே ஜாயியே" என்று நர்ஸ் அவரைக் கீழே அனுப்பிவிட்டாள். தாய் நஸீரா மட்டும் உள்ளே இருந்தாள்.

அன்றிலிருந்து மன்சூர் அலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் செங்குத்தான ஓர் இரும்பு ஏணி. சாயங்காலமானால் பரீஹா அந்த ஏணியில் பாதி வரை வந்து நின்றுகொண்டு, "வாப்பா, இறங்கவா?" என்று கூவுவாள். "இறங்கு மக்கா" என்று இவர் இரண்டு கையையும் நீட்ட வேண்டியதுதான், தொப்பென்று குதிப்பாள். பசை ஒட்டிய அவர் சட்டையில் மூக்கை வைத்து, "நாறுது" என்பாள். ஆனால் நகர மாட்டாள். அந்தப் பாரம் நெஞ்சில் விழாத சாயங்காலங்களை அவரால் கடக்கவே முடியவில்லை. பெற்றவனுக்குப் பிள்ளையைத் தூக்கத் தடை என்றால், அந்தக் கை எதற்கு?

நோய் வந்த பிறகு அந்த வீட்டில் நல்ல சேதிக்கு ஒரே சொல்தான் இருந்தது: ஏறிட்டு. வெள்ளை அணு கவுண்ட் ஏறிட்டு என்றால் அடுத்த மருந்துக்குப் போகலாம். பிளேட்லெட் ஏறிட்டு என்றால் மூச்சு விடலாம். இறங்கிட்டு என்றால் கதை கந்தல். ரத்தம் கொடுக்க ஆள் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். தொழுகையில்கூட, "ஏத்திக் குடு ரப்பே" என்றுதான் அவர் கையேந்துவார்.

இரண்டு நாள் முன்பு நஸீரா போனில், "புதுசா ஒரு ரத்த டெஸ்ட் எடுத்திருக்காங்க, பி.சி.டி.ன்னு. காய்ச்சலு பாக்டீரியாவுலயா வேற எதுலயாவதான்னு அது காட்டுமாம்" என்றிருந்தாள். பாதியைத்தான் அவர் கேட்டார். மீதி தும்மலில் போயிற்று.

இன்று மதியம் போன் அடித்தது.

"ஏங்க, இறங்கிட்டு! நல்லா இறங்கிட்டுங்க..." அதற்கு மேல் நஸீராவுக்கு அழுகைதான் வந்தது. லைன் அறுந்தது. திருப்பி அடித்தால் எடுக்கவில்லை.

தைத்துக்கொண்டிருந்த பையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "ஷாகிரு, எந்திரிலே. புள்ளைக்கு இறங்கிட்டாம்."

ஷாகிர் நஸீராவின் தம்பி. பட்டறையில் கூட வேலை செய்பவன். "எம்புட்டு மச்சான்?" என்றான்.

"அதைக் கேட்டுக்கிட்டா இருப்பாங்க? அவ அழுதாளே."

பக்கத்துப் பட்டறை சுயம்பு கேள்வி எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டினார். "ஏம் ரத்தமும் சேரும்லா பாய்" என்று கூடவே வந்தார். லோக்கல் ட்ரெயினில் கதவோரம் நின்றபடி மன்சூர் அலி "ஏத்திக் குடு ரப்பே" என்று வாய்க்குள் முனகிக்கொண்டே வந்தார். கடைசியாக அவளைத் தூக்கியது எப்போது என்று நினைவுக்கு வரவில்லை. கடைசி என்று தெரிந்திருந்தால் அவர் இறக்கியே விட்டிருக்க மாட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் தடுத்தான். அந்த நேரம் பார்த்து வார்டு டாக்டர் ரஞ்சனா டீ குடித்துவிட்டு வந்தாள். தமிழர்கள் மிகுந்த மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பெண், தமிழில் பேசுவாள்.

"என்ன, மூணு பேரா வந்து நிக்கறேள்?"

"ரத்தம் குடுக்க, டாக்டரம்மா. பரீஹாவுக்கு இறங்கிட்டுல்லா."

"ஐயோ, அது இறங்கணும்னுதானே காத்துண்டிருந்தோம்!"

மூவரும் விழித்தார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள். "உடம்புல பாக்டீரியா மும்முரமா இருந்தா இந்த பி.சி.டி. ஏறும். மருந்து கேட்டா இறங்கும். அன்னிக்கு எக்கச்சக்கமா இருந்தது, இன்னிக்குப் பாதிக்கும் கீழ வந்துடுத்து. காய்ச்சல் இன்னும் முழுசா விடலை. ஆனா நல்ல அறிகுறி." பிறகு, "எங்க தப்பும்தான். ஏறணும், ஏறணும்னே உங்களைப் பழக்கி வச்சுட்டோம்" என்றாள்.

சுயம்பு மடித்து விட்டிருந்த சட்டைக் கையை இறக்கிக்கொண்டார். "இறங்குனா சந்தோசப்படுத கணக்க இப்பத்தாம்வே பாக்கேன்."

மன்சூர் அலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்போ ஒரு தடவ மேல போயி... தூரத்துல நின்னு..." என்று கெஞ்ச ஆரம்பித்தார். பாழாய்ப்போன தும்மல் அப்போதுதான் வர வேண்டுமா! ரஞ்சனா தலையை ஆட்டினாள். "கவுண்ட் ஏறட்டும். உங்க சளியும் போகட்டும்."

பரீஹாவின் வார்டு மூன்றாம் மாடியில்தான். தாராவி ஏணி அளவுக்குக்கூடச் சிரமமில்லாத படிகள்.

ஷாகிரின் போனில் நஸீரா வீடியோவில் வந்தாள். அவனே அதை மச்சானின் முகத்துக்கு நேரே பிடித்தான். நஸீரா போனைப் பிள்ளை பக்கம் திருப்பினாள். மொட்டைத் தலை, காய்ந்த உதடு. ஆனால் கண்ணில் பழைய குறும்பு கொஞ்சம் திரும்பியிருந்தது.

"வாப்பா, எனக்கு இறங்கிட்டாம். உம்மா அழுதுட்டா."

"கேட்டேன் மக்கா."

"நீங்க எங்க நிக்கிய?"

"கீழ, வாசல்ல."

பரீஹா கொஞ்சம் யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வாப்பா, இறங்கவா?"

இரு மக்கா, இன்னொண்ணு ஏறணும், அப்புறம் இறங்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, மூன்றாம் மாடியை நோக்கி அவருடைய இரண்டு கையும் தானாக நீண்டிருந்தன. மறுபடியும் தும்மல் வந்தது. மூக்கைத் துடைக்கக்கூட அவர் கையை இறக்கவில்லை.