குடலுக்குத் தொண்ணூற்று நான்கு மார்க்

அத்தையின் சிறுநீர் தொண்ணூற்று நான்கு மார்க் வாங்கியது. அந்தக் குடும்பத்தில் அதுவரை எதிலும் யாரும் அவ்வளவு வாங்கியதில்லை. பட்டம் வாங்கிய ஒரே ஆளான தம்பி மகள்கூட அறுபதைத் தாண்டியதில்லை.

அவள் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்தின் முதலாளிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் குடல்நேசன். காலையின் முதல் சிறுநீரை ஒரு டப்பாவில் கொடுத்தால் போதும், உங்கள் குடலில் குடியிருக்கும் கோடானுகோடிக் கிருமிகள் யோக்கியமானவையா என்று நூற்றுக்கு மார்க் போட்டுத் தருவார். மார்க் குறைந்தால் அவர் விற்கும் மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும். கூடினால், அது குறையாமலிருக்க அதே மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும். நுண்ணுயிரியல் படித்தவள் அங்கே அவள் ஒருத்திதான் என்பதால் எல்லா மார்க்குக்கும் கீழே அவள் கையெழுத்து.

விஷயம் முழுப் பொய்யும் இல்லை; அதுதான் எரிச்சல். கிருமிகள் சாப்பாட்டை உடைக்கும்போது உண்டாகும் சில பொருள்கள் சிறுநீரில் வரத்தான் செய்யும். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து உள்ளே எத்தனை பேர் என்று ஊகிக்கலாம். யாருக்குக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. குடல்நேசன் காய்ச்சலையும் சொல்லி, மருந்தையும் விற்றார்.

அத்தை, அவள் அப்பாவின் அக்கா. சலவைக்கூடத்தில் நின்றபடியே விடுதிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தேய்த்து இவளைப் படிக்க வைத்தவள். கொஞ்ச நாளாக அத்தைக்கு வயிறு எரிந்தது, மலம் கறுப்பாகப் போனது, போட்ட துணியெல்லாம் தொளதொளத்தது. டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டால் சுவரைக் காட்டினாள். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொண்ணூற்று நான்கு.

"நீயே கையெழுத்துப் போட்டுட்டு நீயே நம்பலைன்னா எப்படி மருமகளே? உன் முதலாளி என் போட்டோவை வாசல்லயே மாட்டியிருக்காரு. டாக்டர் மாட்டுவாரா?"

சொல்லிவிட்டு, எரிச்சலுக்கு இதமாக ஒரு பாட்டில் சோடாவைத் திறந்து மடமடவென்று குடித்தாள். ஆரஞ்சு நிறம். சாப்பாட்டைவிட அதுதான் இப்போது அதிகம் உள்ளே போகிறது. ஒரு ஏப்பம் விட்டால் வயிறு லேசாகிறதாம்.

மருமகள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருளின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அது கல்லீரலுக்குப் போய், குடல்நேசன் மார்க் போடும் அதே பொருளாக மாறிச் சிறுநீரில் இறங்கும். படித்த பாடம்தான். டப்பாவை நீட்டும்போது 'சோடா குடிப்பீங்களா?' என்று ஒருவரையும் கேட்கத் தோன்றாத அளவுக்குப் படித்திருந்தாள்.

மறுநாள் முதலாளியிடம் போனாள்.

"சார், பாட்டில் சோடா குடிச்சாலே மார்க் ஏறுது. குடலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"வாங்கினவங்க சந்தோஷமாத்தானே இருக்காங்க? நீ ஏம்மா என் வயித்துல அடிக்கிறே?"

அத்தைக்குக் கல்லீரலை விளக்கினாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் அந்தக் குடும்பத்துக்குப் புரிகிற ஒரே மொழியில் பேசினாள்.

"அத்தை, சோடாவை நிறுத்திட்டு மறுபடி டப்பாவுல புடிச்சுக் குடு. நூறு வருதான்னு பாப்போம்."

அத்தை நிறுத்தினாள். நூறு கிடைக்கும் என்றால் மூச்சையும் நிறுத்தியிருப்பாள்.

வந்தது பத்தொன்பது. அதுவும் தொண்ணூற்று நான்கைப் போலவே வெத்துவேட்டு என்று மருமகளுக்குத் தெரியும். ஆனாலும் வாழ்க்கையிலேயே அழகான கையெழுத்தை அதன் கீழே போட்டாள்.

"ஃபெயிலா?" அத்தை தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஃபெயில்."

"அடிப்பாவி, இன்னும் என்ன வேடிக்கை? கிளம்புடி டாக்டர்கிட்ட!"

தொண்டை வழியாகக் குழாய்க் கேமராவை இறக்கிப் பார்த்தார் டாக்டர். இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிய தோளுக்காக அத்தை வருடக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கியிருந்தன. புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"நல்ல நேரம், வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஓட்டை விழுந்திருக்கும். ஏன் இவ்வளவு நாள் வரலை?"

நன்றாகப் பாஸ் பண்ணியிருந்ததால் வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

அத்தையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்த கையோடு போன் அடித்தது. குடல்நேசன்.

"கேள்விப்பட்டேன்மா! நம்ம டெஸ்ட் ஒரு உயிரையே காப்பாத்திடுச்சு பாரு! பத்தொன்பதைப் பெரிசாப் போட்டு, அத்தையை அந்தக் கட்டிலோட ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முகம் கொஞ்சம் சோகமா இருக்கட்டும்."

"சார், வாசல்ல இருக்கிற போட்டோவை எடுத்துட்டு ஒரு சோடா பாட்டிலை மாட்டுங்க. தொண்ணூத்தி நாலு வாங்கினது அதுதான். கையெழுத்துக்கு வேற கையைப் பாத்துக்கங்க."

போனை அணைத்தாள். கேமராவுக்காக மரக்கவைத்த தொண்டையில் அத்தைக்குக் குரல் கரகரத்தது.

"வேலை போச்சா?"

"போச்சு."

அத்தை தலையணையைச் சாய்த்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அந்தத் தொண்ணூத்தி நாலு என்னுது இல்லையா?"

"இல்ல அத்தை."

"சனியன். அந்தச் சட்டத்துல உன் பட்டத்தைப் போட்டு மாட்டு. அறுபதுன்னாலும் சொந்த மார்க்கு."