மீட்டரில் ஏறாத தூரம்

தந்தா நகரில், கெய்ரோ சாலையோரம் கூடும் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பைக்கை நிறுத்தும்போதே ஷவ்கி முடிவு செய்திருந்தார். மீட்டரில் இருக்கும் எண்ணைச் சொல்வது, அதற்கு மேல் வாய் திறக்காமல் விற்றுவிட்டுப் போவது. மீட்டர் கேபிளைக் கழற்றியதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதற்கு இன்ஷிராஹின் பெயரை எடுக்க வேண்டும். மனைவி இறந்த இந்த ஏழு மாதங்களில் அந்தப் பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

வாங்க வந்த மம்தூஹ் பள்ளிக்கூட எழுத்தர். அவசரப்படாத ஆள். மீட்டரில் எட்டாயிரத்து நூற்று நாற்பது. குனிந்து பிரேக் பெடலைத் தடவினான். செயின் மாட்டிய பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகப் பார்த்தான்.

“ஹாஜி, மீட்டர் எட்டாயிரம்ங்குது. பெடல் முப்பதாயிரம்ங்குது. நான் யார நம்பட்டும்?”

“மீட்டர நம்பு தம்பி.”

“பின்னாடி யாரும் உக்காந்ததில்லையா?”

“இல்ல.”

மம்தூஹ் பின்பக்கக் கால்மிதிகளைத் தொட்டுப் பார்த்தான். வலப்பக்க ரப்பர் புதிதுபோல் வரிவரியாக இருந்தது. இடப்பக்கத்தில் ரப்பர் வழவழவென்று தேய்ந்து நடுவில் இரும்பு தெரிந்தது.

“இது பொம்பள ஒரு பக்கமா உக்காந்து தேஞ்சது ஹாஜி. ஒரு வருசத்துல இப்படித் தேயாது.”

பக்கத்தில் பைக் விற்க நின்றவர் சிரித்தார். “வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாம யாரையோ ஏத்திக்கிட்டுச் சுத்திருக்காரு, விடுப்பா. அதெல்லாம் மீட்டர்ல ஏறாது.”

ஷவ்கிக்குக் காதுமடல் சுட்டது. திருடன் என்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

“உக்காந்தது என் வீட்டுக்காரிதான்,” என்றார். “இன்ஷிராஹ். கிட்னி ரெண்டும் போயிடுச்சு. ரத்தம் சுத்தம் பண்ண வாரம் மூணு தடவ இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வருவேன். ஊர்லேருந்து பதினெட்டு கிலோமீட்டர். நாலு வருசம். தோளுக்கு மேல எட்டி மீட்டரையே பாத்துட்டு வருவா. ‘இன்னிக்கும் என்னால உங்களுக்கு முப்பத்தாறு’ம்பா. ரெண்டாவது வாரமே கேபிளக் கழட்டிட்டேன். மீட்டர் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் வழியில பருத்தி வயலப் பாத்துப் பேச ஆரம்பிச்சா.”

சிரித்தவர் தன் பைக்கைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார். மம்தூஹ் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். துண்டுக் காகிதத்தில் முப்பத்தாறை வாரம் மூன்று தடவையாக நாலு வருடத்துக்குப் பெருக்கினான்.

“இருபத்திரெண்டாயிரத்தி நானூத்தி அறுபத்தி நாலு,” என்றான் மெதுவாக. “மீட்டர்ல இருக்கறதையும் சேத்தா முப்பதாயிரத்தி அறுநூத்திச் சொச்சம். விக்கிற பத்திரத்துல இத எழுதிக்கலாமா ஹாஜி? நான் எடுத்துக்கறேன்.”

ஷவ்கி காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“பைக்குக்கு இது சரி,” என்றார். “கடைசி நாள் ஊருக்குத் திரும்புன பதினெட்டுல மட்டும் அவ இல்ல.”

பேனாவை வாங்கிக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.